கு.க.

வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்று முழுசாகச் சொல்பவர்கள் குறைவு. ‘கு.க.’ போதும். பாதிப் பேருக்கு அது ஓர் ஆபரேஷனின் பெயர்.

ஆங்கிலத்தில் இது ‘ஃபேமிலி பிளானிங்’. 1952இல் இந்தியா இதைத் தேசியத் திட்டமாகவே தொடங்கியது. உலகில் அப்படிச் செய்த முதல் நாடு. அதே காலத்தில் ‘ஃபைவ் இயர் பிளான்’ ஒழுங்காக ‘ஐந்தாண்டுத் திட்டம்’ ஆனது. குடும்பத்துக்கு மட்டும் பிளான் ‘கட்டுப்பாடு’ ஆகிவிட்டது. ‘பர்த் கன்ட்ரோல்’ என்ற சொல்லின் நிழல் விழுந்திருக்கும் என்பது என் ஊகம். அதற்கும் முன்பே, 1930 வாக்கில், பெரியார் ‘கர்ப்பத்தடை’ என்று எழுதினார். நாட்டின் தலைக்கணக்குக்காக இல்லை, பெண்ணின் விடுதலைக்காக.

கட்டுப்படு என்பதில் ‘படு’ நீண்டு ‘பாடு’ ஆனால் கட்டுப்பாடு. காசிமேட்டில் இதன் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது: ஊர்க் கட்டுப்பாடு. இன்று கடலுக்குப் போகக் கூடாது என்று ஊர் கூடிச் சொன்னால் ஒரு படகும் நகராது. ஆக, சொல்லுக்குள்ளேயே கட்டுகிற கை ஒன்று இருக்கிறது. அது யாருடையது என்பதைத்தான் சொல் சொல்லாது.

நெருக்கடி நிலையில் அது அரசின் கை. 1976–77இல் மட்டும் 80 லட்சத்துக்கு மேற்பட்ட அறுவைகள், பல ஊர்களில் ஆளைப் பிடித்துக்கொண்டு போய். 1977இல் ஆட்சி மாறியதும் பெயர் ‘குடும்ப நலம்’ ஆனது. கறை படிந்த சட்டையை மாற்றிய மாதிரி. சீனாவில் கதை தலைகீழ்: அங்கே பெயர் என்னவோ ‘திட்டமிட்ட பிறப்பு’, நடந்தது 1980 முதல் 2015 வரை ஒற்றைப் பிள்ளைக் கொள்கை.

தமிழ்நாட்டில் முகாம் இருந்தது, ஊக்கத்தொகை இருந்தது, சுவரெங்கும் கு.க.வின் சின்னமான சிவப்பு முக்கோணம் இருந்தது. இத்தனை பிள்ளைதான் என்ற சட்டம் இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை, மக்கள்தொகை குறையாமல் நிற்கவே 2.1 வேண்டும். பெண் படித்தாள், பிறந்த குழந்தை பிழைத்தது, எண்ணிக்கை இறங்கியது. இதில் அரசு எண் குறிக்க என்ன தேவை இருந்தது?

போன மாதம் வண்ணாரப்பேட்டை ஷேர் ஆட்டோவில் எதிரே ஒரு பெண். மடியில் கன்னத்தில் மைப்பொட்டு வைத்த பச்சைக் குழந்தை, காலடியில் பிளாஸ்க். பக்கத்திலிருந்த ஆயா கேட்டார்: “ரெண்டாவதா? ஆபரேஷன் நீயா பண்ணிக்கினியா, அவுங்களா பண்ணிவுட்டாங்களா?”

“நானாதான் பண்ணிக்கினேன் ஆயா.”

‘பண்ணிக்கினியா’வில் கொள், ‘பண்ணிவுட்டாங்களா’வில் விடு. துணைவினை இரண்டை வைத்து, முடிவு யாருடையது என்று ஆயா பிரித்துவிட்டார். அரசாணைத் தமிழுக்கும் அது முடியும்: கணவனும் மனைவியும் முடிவெடுத்தால் ‘குடும்பத் திட்டமிடல்’, அதற்கான வழிமுறை ‘கருத்தடை’, அரசு எண் குறித்தால் ‘பிள்ளை வரம்பு’. கடைசிச் சொல் என் கைச்சரக்கு. ‘கு.க.’ எப்படியும் ஓ.பி. சீட்டை விட்டுப் போகாது.