எக்கோடிராமா: தமிழில் எப்படிச் சொல்வது?

இங்கிலாந்தின் இன்றைய நாடகங்களைப் பற்றிப் படித்தால் 'எக்கோடிராமா' என்ற சொல் கண்ணில் படாமல் இருக்காது. 'எக்கோ', வீடு என்று பொருள்படும் 'ஓய்க்கோஸ்' என்ற கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஜெர்மானிய விலங்கியலாளர் எர்ன்ஸ்ட் ஹேக்கல் 1866இல் சூழலியலுக்குப் பெயர் சூட்டியது அந்தச் சொல்லை வைத்துத்தான். 'டிராமா'வும் கிரேக்கம், 'செய்' என்ற வினையில் பிறந்தது. குடியிருக்கும் வீடான இந்தப் பூமிக்கு நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று மேடையில் கேட்பதே எக்கோடிராமா.

திரையில் காட்டையும் மழையையும் வரைந்து தொங்கவிட்டால் அது எக்கோடிராமா ஆகிவிடாது. டங்கன் மேக்மில்லனின் 'லங்ஸ்' (2011) நாடகத்தில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. மேடையில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான், பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று பேசுகிறார்கள். ஒரு பிள்ளையால் சேரும் கரியமில வாயு 10,000 டன், அது ஈபிள் கோபுரத்தின் எடை என்று அவள் கணக்குப் போடுகிறாள். செய்தித்தாளில் படித்துவிட்டு மடித்து வைக்கும் எண் அவள் வயிற்றுக்குள் வந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து இந்த வகை நாடகத்தின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இங்கிலாந்து இயக்குநர் கேட்டி மிட்செல் 2013இல் இதை பெர்லினில் மேடையேற்றியபோது நடிகர்கள் மிதிவண்டியை மிதித்துக்கொண்டே வசனம் பேசினார்கள். விளக்குக்கான மின்சாரமும் மிதித்தே எடுக்கப்பட்டது.

சரி, தமிழில்? 'பசுமை நாடகம்' என்றால் மரம் நடச் சொல்லும் பிரச்சார நாடகம் என்றே காதில் விழும். 'சுற்றுச்சூழல் நாடக'த்தில் வேறொரு சிக்கல். அமெரிக்க இயக்குநர் ரிச்சர்ட் ஷெக்னர் 1960களில் பரப்பிய 'என்விரான்மென்டல் தியேட்டர்' பார்வையாளரும் நடிகரும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் அரங்க முறை. இயற்கையைப் பேச வேண்டும் என்ற கட்டாயம் அதற்கில்லை. இரண்டும் தமிழில் ஒன்றாகிவிடக் கூடாது.

ஆகவே 'சூழலியல் நாடகம்' என்பதே பொருத்தம். 'சூழ்' என்ற வேர்ச்சொல்லுக்குச் சுற்றியிருத்தல் என்ற பொருள் மட்டுமல்ல, ஆராய்ந்து எண்ணுதல் என்ற பொருளும் உண்டு. மன்னனுக்காக ஆராய்ந்து சொல்லும் அமைச்சரைக் குறள் 'சூழ்வார்' என்கிறது (445).

புவி வெப்பமாவதை மட்டுமே பேசும் நாடகம் என்றால் 'காலநிலை நாடகம்' எனலாம். புவி வெப்பமாவதைத் தடுக்க உலக நாடுகள் 1997இல் ஜப்பானின் கியோட்டோவில் நடத்திய பேச்சுவார்த்தையை வைத்து 2024இல் இங்கிலாந்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் அரங்கேறிய 'கியோட்டோ' அப்படிப்பட்டது. அங்கே 'வானிலை' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது இன்றைய மழை வெயிலைச் சொல்லும் சொல்.