கமாண்ட் எந்தப் போனுக்குப் போகிறது?

ஒரே யூஎஸ்பி ஹப்பில் இரண்டு ஆண்ட்ராய்டு போன்கள் மாட்டியிருந்தன. ஒன்று நான் தினமும் ஆப்பை ஏற்றிச் சோதிக்கும் போன். இன்னொன்றை எங்கள் டெஸ்டர் கொடுத்திருந்தார். மூன்று நாள் போராடி ஒரு டேட்டாபேஸ் பிழையை அதில் வரவழைத்து, "அப்படியே வைத்திருக்கிறேன், எடுத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் போனில் ஆப் டேட்டாவை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று, கம்ப்யூட்டரிலிருந்து ஆண்ட்ராய்டு போனுக்குக் கமாண்ட் அனுப்பும் ஏடிபி கருவியில் 'ஏடிபி ஷெல் பிஎம் கிளியர்' அடித்து, பேக்கேஜ் பெயரைக் கொடுத்து, என்டர் தட்டினேன். 'சக்சஸ்' என்று வந்தது. ஆனால் என் போனில் ஆப் பழையபடியே இருந்தது. அதன் கேபிள் லூசாகி, இணைப்பு எப்போதோ விட்டுப்போயிருந்தது. அழிந்தது டெஸ்டரின் மூன்று நாள் உழைப்பு.

இது ஏன் நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஏடிபி கருவியில் மூன்று பகுதிகள் உண்டு. டெர்மினலில் நாம் அடிக்கும் கிளையன்ட், அதே கம்ப்யூட்டரில் 5037 என்ற போர்ட்டில் பின்னணியில் ஓடும் சர்வர், போனுக்குள் பின்னணியில் ஓடி அந்தக் கமாண்டை நிறைவேற்றும் டீமன். எந்தப் போன் என்று நாம் சொல்லாவிட்டால், சர்வர் தன்னிடம் இருக்கும் பட்டியலைப் பார்க்கும். இரண்டு போன் இருந்தால், ஒன்றுக்கு மேல் இருக்கிறது என்று சொல்லி மறுத்துவிடும். ஒன்றே ஒன்று இருந்தால் கேள்வி கேட்காமல் அதற்கு அனுப்பிவிடும். இரண்டு போன் மாட்டியிருக்கிறோம், தவறாகப் போனால் ஏடிபியே தடுத்துவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். ஒரு கேபிள் விட்டுப்போன அந்த நொடியிலேயே அந்தத் தடுப்பும் போய்விடுகிறது, திரையில் எந்த அறிவிப்பும் இல்லாமல்.

அதனால் அழிக்கிற, மாற்றுகிற எந்தக் கமாண்டையும் 'மைனஸ் எஸ்' போட்டு, சீரியல் எண்ணோடுதான் அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடிக்க அலுப்பாக இருந்தால் 'ஆண்ட்ராய்டு சீரியல்' என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் அந்த எண்ணை வைத்துவிடலாம். அப்புறம் அந்தப் போன் கழன்றால், வேறு போனுக்குத் தாவாமல், டிவைஸ் இல்லை என்று பிழை காட்டி நின்றுவிடும். நமக்கு வேண்டியது அதுதான். 'மைனஸ் டி' போதுமே என்று சிலர் சொல்வார்கள். அது யூஎஸ்பியில் இருக்கும் ஒற்றைப் போன் என்று மட்டுமே சொல்லும், எந்தப் போன் என்று சொல்லாது. எங்கள் டீமில் இப்போது ஒவ்வொரு போனின் முதுகிலும் சீரியலின் கடைசி நான்கு எழுத்துகளைச் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இன்னொன்று. பிழையோடு ஒரு போன் கைக்கு வந்தால், முதல் வேலையாக டேட்டாவின் நகலை எடுத்துவிடுங்கள். ஆப் டீபக் பில்டாக, அதாவது சோதனைக்கென்று உருவாக்கிய பதிப்பாக இருந்தால் 'ரன் ஆஸ்' வழியாக ஆப்பின் ஃபோல்டருக்குள் போகலாம். 'எக்ஸெக் அவுட்' மூலம் டேட்டாபேஸ் ஃபைலை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு நிமிட வேலை. அன்று நான் அதைச் செய்யவில்லை.

போன் பட்டியலில் வரவில்லை என்றால் கேபிளைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சார்ஜ் மட்டும் ஏற்றும், டேட்டா போகாத கேபிள்கள் நிறையப் புழங்குகின்றன. 'அன்ஆத்தரைஸ்டு' என்று வந்தால் போன் திரையில் அனுமதி கேட்டுக் காத்திருக்கிறது. லினக்ஸில் 'நோ பெர்மிஷன்ஸ்' வந்தால் எந்தக் கருவியை யார் தொடலாம் என்று தீர்மானிக்கும் யுடெவ் விதிகளைப் பார்க்க வேண்டும். சுடோ போட்டு, அட்மின் அதிகாரத்தில் ஓட்டித் தப்பிக்க வேண்டாம்.

அந்த அனுமதிக் கேள்வி 2013இல் ஆண்ட்ராய்டு 4.2.2ஓடு வந்தது. அதற்கு முன்பு டீபக்கிங் திறந்திருந்த போனைக் கையில் எடுத்த எவரும் தன் கம்ப்யூட்டரில் மாட்டி உள்ளே போய்விடலாம். இப்போது கம்ப்யூட்டரின் ஆர்எஸ்ஏ சாவியை நாம் ஒப்புக்கொண்டால்தான் கதவு திறக்கும். அந்தச் சாவி நம் ஹோம் ஃபோல்டருக்குள் 'டாட் ஆண்ட்ராய்டு' என்ற இடத்தில் 'ஏடிபிகீ' என்ற பெயரில் சாதாரண ஃபைலாகக் கிடக்கிறது. வசதிக்காக அதைப் பலரும் பகிர்ந்துகொள்ளும் டாக்கர் இமேஜிலும், பொதுவான கோட் ரெப்போவிலும் போட்டு வைப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஃபைலை வைத்திருப்பவர், நீங்கள் 'எப்போதும் அனுமதி' என்று டிக் செய்த எல்லாப் போன்களுக்கும் நீங்களே ஆகிவிடுகிறார். ஆண்ட்ராய்டு 11 முதல், 7 நாள் இணைக்காமல் இருந்தால் இந்த அனுமதி தானாகக் காலாவதியாகும். அதையும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் அணைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அணைக்காதீர்கள்.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது 5555 என்ற நெட்வொர்க் போர்ட். கேபிள் இல்லாமல் வேலை செய்ய 'ஏடிபி டிசிபிஐபி 5555' என்று அடிப்போம். போனில் என்றால் ரீஸ்டார்ட் செய்ததும் பெரும்பாலும் அடைபட்டுவிடும். சாவிக் கேள்வியும் உண்டு. டிவி பாக்ஸ், டெவலப்மென்ட் போர்டு போன்றவற்றில் நிலைமை வேறு. அந்தப் போர்ட் திறந்தபடியே, சாவிக் கேள்வியும் இல்லாமல், சிலவற்றில் முழு அதிகாரம் தரும் ரூட் ஷெல்லோடு ஃபேக்டரியிலிருந்தே வருகின்றன. 2018 பிப்ரவரியில் ஏடிபி மைனர் என்ற புழு பரவியது இந்த வழியில்தான். 5555 திறந்திருக்கும் கருவிகளைத் தேடி, உள்ளே புகுந்து, கிரிப்டோ காசு தோண்ட வைத்து, அங்கிருந்து அடுத்த கருவியைத் தேடியது. நுழைய எந்தப் பாதுகாப்பையும் உடைக்க வேண்டியிருக்கவில்லை.

உங்கள் மேசையில் அப்படி ஒரு டெவலப்மென்ட் போர்டு இருந்தால், இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்து அதன் ஐபிக்கு 'ஏடிபி கனெக்ட்' கொடுத்துப் பாருங்கள். எதுவும் கேட்காமல் ஷெல் கிடைத்தால், அதே நெட்வொர்க்கில் இருக்கும் எல்லோருக்கும் கிடைக்கும். போன் ஆண்ட்ராய்டு 11 அல்லது அதற்கு மேல் என்றால் பழைய முறையை விட்டுவிட்டு, ஆறு இலக்கக் குறியீட்டை அடித்து இணைக்கும் வயர்லெஸ் டீபக்கிங்கைப் பயன்படுத்துங்கள்.

பக் ரிப்போர்ட் பற்றியும் சொல்ல வேண்டும். போனின் நிலையை முழுவதுமாகத் திரட்டி 'ஏடிபி பக்ரிப்போர்ட்' தரும் ஜிப்பை அப்படியே குரூப்பில் போட்டுவிடுகிறோம். அதற்குள் போனில் இருக்கும் அக்கவுன்ட் பெயர்கள், வைஃபை பெயர்கள், இன்ஸ்டால் செய்த ஆப்களின் பட்டியல் எல்லாம் இருக்கும். ஒருவர் தன் சொந்தப் போனைச் சோதனைக்குத் தந்திருந்தால், அது அவருடைய அந்தரங்கம். பெரும்பாலான நேரம் போனின் லாக் வரிகளைக் காட்டும் 'லாக்கேட்' போதும். 'மைனஸ் பி கிராஷ்' போட்டால் கிராஷ் ஆன வரிகள் மட்டும் வரும், 'பிஐடி' என்ற பிராசஸ் எண்ணைக் கொடுத்தால் நம் ஆப்பின் வரிகள் மட்டும். அதையும் ஒரு தடவை படித்து, லாகின் டோக்கன் எதுவும் அச்சாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது நாம் மாற்றியதையெல்லாம் பழையபடி ஆக்க வேண்டும். பேட்டரி அளவைப் பொய்யாக மாற்றியிருந்தால் 'டம்ப்சிஸ் பேட்டரி ரீசெட்'. எச்டிடிபி பிராக்ஸி வைத்திருந்தால் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் வாங்கியவர் நெட் வரவில்லை என்று அரை நாள் தேடுவார். கடைசியாக டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங் அனுமதிகளை ரத்து செய்துவிட்டு, டீபக்கிங்கை அணைத்து, அவர் கண் முன்னாலேயே கொடுங்கள்.