முகவரிச் சீட்டில் காணாமல் போன வரிகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மொத்த வியாபாரிக்காக நாங்கள் எழுதிய மென்பொருளில், பார்சல் மீது ஒட்டும் முகவரிச் சீட்டுகள் எல்லாம் ஒரே வரியில் அச்சாகின. கதவு எண், தெரு, ஊர் என்று வரிசையாக ஓடி, வலது ஓரத்தில் பின்கோடு பாதியில் வெட்டுப்பட்டது. முதலில் பிரிண்டரைத் திட்டினோம். பிறகு டிரைவரை மாற்றினோம். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, தவறு நான் வடிவமைத்த எக்ஸ்எம்எல் கோப்பில் இருந்தது. (எக்ஸ்எம்எல் என்பது தகவலைப் பெயரிட்ட குறிகளுக்குள் இட்டு எழுதும் முறை.)

முகவரியை நான் ஒரு பண்பாக வைத்திருந்தேன். (அலுவலகத்தில் எல்லோரும் அட்ரிபியூட், எலிமென்ட் என்றுதான் சொல்கிறோம். இங்கே பண்பு, உறுப்பு என்றே எழுதுகிறேன். உறுப்பு என்பது தொடக்கக் குறி, முடிவுக் குறி, நடுவே உள்ள எழுத்து எல்லாம் சேர்ந்தது. பண்பு என்பது தொடக்கக் குறிக்குள்ளேயே மேற்கோளில் எழுதும் மதிப்பு.) பண்பின் மேற்கோள் குறிகளுக்குள் நேரடியாக எழுதிய வரிமுறிவையும் டேபையும் படிப்பான், அதாவது கோப்பைப் படித்துப் பிரித்துத் தரும் நிரல், வெறும் இடைவெளியாக மாற்றிவிடும். இது படிப்பானின் கோளாறு அல்ல. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 பிப்ரவரியில் வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 விதிமுறையே அப்படித்தான் சொல்கிறது. வரிமுறிவை &#10; என்று எழுதியிருந்தால் தப்பியிருக்கும். எக்ஸ்எம்எல் எழுதித் தரும் நல்ல நிரல் நூலகங்கள் அதைத் தாமாகவே செய்யும். எங்கள் நிரலோ எழுத்துச் சரங்களை ஒன்றோடொன்று ஒட்டிக் கோப்பை எழுதிக்கொண்டிருந்தது. அதே முகவரியை ஓர் உறுப்பின் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் நடுவே வைத்திருந்தால் மூன்று வரியும் மூன்று வரியாகவே வந்து சேர்ந்திருக்கும்.

ஏன் பண்பில் வைத்தேன் என்று கேட்டால், பார்க்க அழகாக இருந்தது என்பதுதான் உண்மையான பதில். ஒரு பொருளுக்கு ஒரு வரி, முடிவுக் குறி வேண்டாம், கோப்பும் சிறியது. உறுப்பா பண்பா என்ற வாதம் எக்ஸ்எம்எல்லுக்கு முன்பே, 1986இல் ஐஎஸ்ஓ தரமான, எக்ஸ்எம்எல்லின் முன்னோடியான எஸ்ஜிஎம்எல் காலத்திலிருந்தே நடக்கிறது. 'அது அவரவர் ரசனை' என்று முடித்துவிடுகிறவர்கள் பலர். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சொன்னவன்தான். இப்போது சொல்வதில்லை.

அந்த வியாபாரி விற்றது குழாய்களும் ஆணிகளும். அந்தத் தொழிலில் அங்குலத்தை எப்படி எழுதுவார்கள்?

<பொருள் பெயர்="1/2" குழாய்" எண்ணிக்கை="12"/>

இரண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் அங்குலக் குறியோடு பெயர் முடிந்துவிட்டதாகப் படிப்பான் நினைக்கும். அடுத்து வருவது அதற்குப் புரியாது, கோப்பு முழுவதையும் நிராகரித்துவிடும். ஒற்றை மேற்கோளுக்கு மாறலாமே என்றார் ஒரு தம்பி. மறுநாளே அடிக்கு ஒற்றைக் குறி போட்ட ஒரு பொருள் வந்தது. உறுப்பின் உள்ளே இந்த இரண்டு குறிகளும் சாதாரண எழுத்துகள்தான். அங்கே பெரும்பாலும் கவனிக்க வேண்டியவை 'சிறியது' என்னும் குறியும் (<) ஆம்பர்சண்டும் (&) மட்டுமே, அவை பண்பிலும் தொல்லைதான். (குறிப் பெயர்களைத் தமிழில் எழுதியிருப்பது இந்தக் கட்டுரைக்கான விளையாட்டு அல்ல. எக்ஸ்எம்எல் அதை முதல் பதிப்பிலிருந்தே அனுமதிக்கிறது. யாரும் செய்வதில்லை என்பது வேறு வருத்தம்.)

அடுத்த அடி மொழியிலிருந்து வந்தது. பில் தமிழிலும் வேண்டும் என்றார் வியாபாரி. ஓர் உறுப்பில் ஒரே பெயருள்ள பண்பு இரண்டு முறை வர முடியாது. எனவே 'பெயர்_தமிழ்', 'பெயர்_ஆங்கிலம்' என்று பண்புகள் முளைத்தன. பிறகு இந்தி, அதன் பிறகு தெலுங்கு. ஒவ்வொரு மொழிக்கும் ஸ்கீமாவை, அதாவது கோப்பில் என்னென்ன வரலாம் என்ற வரையறையை, திருத்தி எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பினோம். இரண்டாவது தொலைபேசி எண்ணுக்கும் இதே கதைதான். 'போன்2' என்று ஒரு பண்பு, மூன்றாவது எண் உள்ளவர்களுக்குக் காற்புள்ளி. 'பெயர்' என்பது உறுப்பாக இருந்திருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வந்திருக்கலாம். ஒவ்வொன்றும் எந்த மொழி என்று சொல்வதற்கு எக்ஸ்எம்எல்லிலேயே ஒரு பண்பு இருக்கிறது. அந்த இடத்தில் பண்பு மிகச் சரியானது, ஏனென்றால் மொழிக்குறியை வாடிக்கையாளர் படிக்கப்போவதில்லை, நிரல்தான் படிக்கிறது.

இந்தக் கோட்டைத்தான் நான் இன்று பிடித்துக்கொண்டிருக்கிறேன். மனிதர் படிக்க வேண்டிய எழுத்து உறுப்புக்குள் இருக்கட்டும், அந்த எழுத்தை எப்படிக் கையாள வேண்டும் என்று நிரலுக்குச் சொல்வது பண்பில் இருக்கட்டும். மொழிபெயர்ப்புக் கருவிகளும் இதையே எதிர்பார்க்கின்றன. பன்மொழிப் பயன்பாட்டுக்காக டபிள்யூ3சி 2007இல் வெளியிட்ட ஐடிஎஸ் தரத்தின்படி, வேறு ஏதும் சொல்லாவிட்டால் உறுப்பின் உள்ளடக்கம் மொழிபெயர்க்க வேண்டியது, பண்பின் மதிப்பு தொடக் கூடாதது. ஆண்ட்ராய்டு செயலிகளின் சொற்கோப்பைத் திறந்து பாருங்கள். சொல்லின் அடையாளப் பெயர் பண்பில், திரையில் தோன்றும் வாக்கியம் உறுப்பின் உள்ளே. ஒருமை பன்மை வேறுபாட்டிலும் 'ஒன்று', 'மற்றவை' என்ற வகை பண்பில்தான் நிற்கிறது.

பழைய நூல்களையும் கையெழுத்துப் படிகளையும் கணினிக்கு ஏற்றுகிறவர்கள் இதைக் கடினமான வழியில் கற்றார்கள். டிஇஐ என்னும் அவர்களது வழிகாட்டியில், மூலத்தில் உள்ள பிழையை உறுப்பாகவும் அதன் திருத்தத்தைப் பண்பாகவும் எழுதும் முறை இருந்தது. ஆனால் திருத்தத்துக்குள்ளேயே ஓர் எழுத்து ஐயத்துக்குரியது என்றால் எப்படிக் குறிப்பது? பண்புக்குள் குறி எதுவும் நுழையாது. 2007இல் வந்த ஐந்தாம் பதிப்பில் பிழை ஓர் உறுப்பு, திருத்தம் ஓர் உறுப்பு, இரண்டையும் சேர்த்துக் கட்ட இன்னோர் உறுப்பு என்று மாற்றினார்கள். வலைப்பக்கங்களை எழுதும் எச்டிஎம்எல்லில் படத்துக்கு மாற்றாக எழுதும் விளக்கம் இன்றும் பண்பில்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு சொல்லைச் சாய்வெழுத்தில் போட முடியாது. படங்களையே எக்ஸ்எம்எல்லில் வரையும் எஸ்விஜியை வடிவமைத்தவர்கள் படத்தின் தலைப்பையும் விளக்கத்தையும் உறுப்புகளாக வைத்தது எனக்குப் பிடித்த முடிவு.

பண்பே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆதார் கடிதங்களில் முன்பு அச்சான கியூஆர் கட்டத்துக்குள் இருந்தது ஒரேயொரு உறுப்பு. பெயர், பிறந்த ஆண்டு, தெரு, பின்கோடு எல்லாம் அதன் பண்புகள். அந்தச் சிறிய கட்டத்தில் ஒவ்வொரு முடிவுக் குறியும் வீண் செலவு. முகவரியைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டதால் வரிமுறிவுக்கும் அங்கே வேலை இல்லை. ஆதாரின் ஆஃப்லைன் கேஒய்சி கோப்பிலும் இதே பாணிதான், புகைப்படம் மட்டும் ஓர் உறுப்பின் உள்ளடக்கமாக வரும். எனக்கு இதில் குறை தெரியவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. பெரிய கோப்பை ஓட்டமாகப் படிக்கும்போது ஓர் உறுப்பின் பண்புகள் எல்லாம் தொடக்கக் குறியோடு சேர்ந்தே கைக்கு வந்துவிடும். இது எந்தப் பதிப்பு, என்ன வகை, எந்த அலகு என்பதை உள்ளே போவதற்கு முன்பே அறிந்து முடிவெடுக்கலாம். எடைக்கு 'கிலோ' என்று சொல்வதைக் கடைசியில் வரும் உறுப்பில் வைத்தால், அதுவரை எண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

இப்போது என் மேசைக்குப் புதிய வடிவம் எது வந்தாலும் ஒவ்வொரு பண்பையும் தொட்டு மூன்று கேள்விகள் கேட்கிறேன். இது இரண்டாக வருமா? இதற்குள் வரிமுறிவு வருமா? இதை யாராவது மொழிபெயர்க்கச் சொல்வார்களா? ஒன்றுக்கு 'வரலாம்' என்று பதில் வந்தாலும் அதை உறுப்பாக மாற்றச் சொல்லிவிடுவேன். நிரலாளர்கள் முணுமுணுப்பார்கள். கோப்பு பெரிதாகிறதே என்பார்கள். சுருக்கி அனுப்பும்போது அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடுகிறது.

அந்த வியாபாரியின் கோப்பு வடிவம் இப்போது மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. முகவரியும் பெயரும் உறுப்புகளாகிவிட்டன. ஆனால் இரண்டு கிளைகளில் பழைய மென்பொருள் இன்னும் ஓடுகிறது. அதனால் 'பெயர்_தமிழ்' பண்பையும் எங்கள் நிரல் இன்றும் படித்துக்கொண்டிருக்கிறது, அந்த நிரல்வரிக்கு மேலே நான் எழுதிவைத்த மன்னிப்புக் குறிப்போடு.