தீராத நோயா, நாட்படு நோயா?

நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் பற்றிய நலக் கல்விக் கூட்டம் ஒன்றில், 'தீராத நோய்களைத் தடுப்போம்' என்று தலைப்பிட்ட துண்டறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு, ஒரு முதியவர் எழுந்து, "தீராது என்று நீங்களே அச்சடித்துவிட்டீர்கள், பிறகு மாத்திரை எதற்கு?" என்று கேட்டார். பேச வந்த செவிலியர் திகைத்துப் போனார். பிழை அவருடையதன்று, 'குரோனிக்' என்ற ஆங்கிலச் சொல்லைத் 'தீராத' என்று பெயர்த்தவருடையது. இந்தப் பெயர்ப்பை இன்னும் எத்தனை துண்டறிக்கைகளில்தான் சகித்துக்கொள்வது?

காலத்தைக் குறிக்கும் 'குரோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லே இதன் வேர்; இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அது சொல்வது கால நீட்சியை மட்டுமே. குணமாகுமா ஆகாதா என்பது அதன் பொருளில் இல்லை.

மருத்துவர்கள் அளப்பதும் காலத்தையே. சிறுநீரகப் பாதிப்பு 3 மாதங்களுக்கு மேலும், கல்லீரல் அழற்சி 6 மாதங்களுக்கு மேலும் நீடித்தால்தான் இந்த அடைமொழியைச் சேர்க்கிறார்கள். வைரஸால் வரும் கல்லீரல் அழற்சியான ஹெபடைடிஸ் சி அவ்வாறு நீடித்த பின்னரும், இன்றைய மாத்திரைகளை 8 முதல் 12 வாரங்கள் உட்கொண்டால் மிகப் பெரும்பாலோருக்கு முற்றிலும் குணமாகிறது. தீர்ந்துபோன ஒன்றைத் 'தீராத நோய்' என்பது எந்த ஊர் இலக்கணம்? நீரிழிவைப் போல, பலருக்கு வாழ்நாள் முழுதும் உடனிருக்கும் நோய்களுக்கும் இச்சொல் ஆகாது. தீராத வினை, தீராத பழி என்று பழகிய காதில் 'தீராத' என்பது கைவிடப்பட்டவனின் சொல்லாகவே விழும். உணவைத் திருத்து, நட, புகையிலையை விடு என்று சொல்ல வந்த கூட்டத்தின் வாசலிலேயே விதியை உட்கார வைப்பதற்கு அது ஒப்பாகும்.

'தொற்றா நோய்' என்று எழுதித் தப்பிப்போரும் உண்டு. அது வேறொரு கருத்துக்கு உரிய நல்ல சொல். எச்.ஐ.வி. தொற்று நெடுங்காலம் நீடிக்கும், ஆனால் தொற்றும். குடல்வால் அழற்சி தொற்றாது, ஆனால் ஓரிரு நாளிலேயே முற்றிவிடும். இரண்டு கருத்துகளையும் ஒரே சாக்கில் கட்டுவது, மூலத்தைப் படிக்கப் பொறுமையில்லாத மொழிபெயர்ப்பாளரின் வழக்கம்.

'நாட்பட்ட நோய்' பொருளில் சரியானது. பேச்சிலும் நாள்பட்ட இருமல், நாள்பட்ட புண் என்கிறோம். தடுப்பைப் பற்றிப் பேசும்போதுதான் அது இடறுகிறது. 'பட்ட' என்பது இறந்த காலம். ஏற்கெனவே நாளாகிவிட்ட நோயை வராமல் தடுப்பது எங்ஙனம்? 'நாட்படு நோய்' என்றால் வினைத்தொகை. முக்காலத்துக்கும் பொருந்தும், இனி வரக்கூடியதையும் அடக்கும். புறநானூற்றில் ஔவையார் 'நாட்படு தேறல்' (பல நாள் வைத்திருந்த கள்) என்று பாடியிருப்பதால் இது நேற்று முளைத்த ஆக்கமும் அன்று. பொதுமக்களுக்குப் புரியாது என்பார்கள். 'நாள்பட்ட இருமல்' என்று தாமே சொல்பவர்களுக்கு 'நாட்படு நோய்' புரியாமல் போகாது. அந்த முதியவரும் அதைக் கேட்டிருந்தால், எத்தனை நாள் என்றுதான் வினவியிருப்பார், அதற்குச் செவிலியரிடம் பதில் இருந்தது.