திருகோணமலையில் கண்டல் நட யூன் மாதம் சரிவராது

ஒவ்வொரு வருடமும் யூன் 5, சுற்றாடல் தினம் நெருங்கும்போது எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். பாடசாலை, இளைஞர் கழகம், வங்கிக் கிளை என்று யார் எடுத்தாலும் கேட்பது ஒன்றுதான்: "கண்டல் நட ஒரு இடம் காட்டுங்கள்." களப்போரச் சேற்றில், உவர்நீரில் வளரும் மரங்களைத்தான் கண்டல் என்கிறோம். யூலை 26, உலகக் கண்டல் நாளுக்கு முன்னும் இதே கேள்வி. நல்ல மனதோடுதான் கேட்கிறார்கள். ஆனால் கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளில் பல வருடங்கள் சேற்றில் நின்று வேலை செய்தவன் என்ற முறையில் நான் சொல்லும் பதில், இப்போது நட வேண்டாம் என்பதே.

எங்கள் மாவட்டத்துக்கு மழை தருவது மாரி. ஐப்பசியில் பிடித்தால் தை வரை பெய்யும். யூனிலும் யூலையிலும் கச்சான் காற்று வீசி நிலம் வெடிக்கிறது, களப்பில் நீர் வற்றி உப்பு ஏறுகிறது. நாற்றுமேடையில் நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த கன்றை அந்த நேரம் கொண்டுபோய் வைத்தால் அது எப்படித் தாங்கும்? உலக நாட்கள் உலகத்துக்குப் பொது. மழை பொதுவல்ல.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. 2020இல் கண்டல்களுக்கென்று தேசியக் கொள்கை வந்தது. 2024 பெப்ரவரியில் இலங்கையின் கண்டல் மீளுருவாக்கத்தை ஐக்கிய நாடுகள் சபை தன் உலக மீளமைப்பு முதன்மைத் திட்டங்களில் ஒன்றாக அறிவித்தது. 2030க்குள் 10,000 ஹெக்டேயரை மீட்பது அதன் இலக்கு. நாட்டின் மொத்தக் காட்டுப் பரப்பையும் 29 சதவீதமளவிலிருந்து அதே ஆண்டுக்குள் 32 சதவீதமாக்குவதாக அரசு உறுதி கூறியிருக்கிறது. இவற்றை மனமார வரவேற்கிறேன். ஆனால் இலக்கம் பெரிதாகும்போது கன்று எண்ணும் அவசரமும் கூடவே வந்துவிடுகிறது. அந்த அவசரத்தின் விளைவை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம்.

2004 சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் கண்டல் நட்டார்கள். 23 இடங்களில் ஏறத்தாழ 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை. அவற்றை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. தேறியது 200, 220 ஹெக்டேயர்தான். ஒன்பது இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் திரும்பிப் பாராததும் முக்கிய காரணங்கள். பராமரித்த இடங்களில் கன்றுகள் கூடுதலாகப் பிழைத்திருந்தன.

நானும் அப்படியொரு நடுகையில் நின்றிருக்கிறேன். தம்பலகாமக் குடாப் பக்கம், வெறுமையாகக் கிடந்த சேற்றுத்திடல் ஒன்று. சில நூறு கன்றுகள், எல்லாமே ஒரே இனக் கண்டல். மட்டி எடுத்துக்கொண்டிருந்த வயதான மீனவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: "தம்பி, இதுல கண்டல் புடிக்குமெண்டா நீங்க வர முந்தியே அது வந்திருக்கும். காய் மிதந்து வந்துகொண்டுதானே இருக்கு." "பாப்பம் நானா," என்று சொல்லிவிட்டு நடுகையைத் தொடர்ந்தேன். மூன்று மாதத்தில் பாசி சுற்றிச் சாய்ந்த குச்சிகளைத்தான் பொறுக்கினோம்.

அவர் சொன்னதுதான் கண்டல் மீட்பின் அடிப்படை விதி. தாய்மரத்தில் தொங்கும்போதே முளைவிட்டு, விழுந்து, நீரோடு போய்த் தனக்கேற்ற இடத்தில் ஊன்றுவது பல கண்டல் இனங்களின் இயல்பு. அருகில் தாய்மரங்கள் இருந்தும் ஓரிடம் வெறுமையாகக் கிடக்கிறதென்றால், அங்கே ஏதோ தடை இருக்கிறது. வீதி போட்டபோது மதகு அடைபட்டிருக்கலாம், யாரோ வரம்பு கட்டியிருக்கலாம், தினமும் மாடு இறங்கலாம். எங்கள் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட இல்லை. ஆகவே ஒரு சாண் உயர வித்தியாசமே வாழ்வையும் சாவையும் தீர்மானிக்கிறது. எப்போதும் நீருக்குள் கிடக்கும் திடலில் நட்டால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். கடற்புல் வளரும் இடத்தில் நட்டால் இன்னும் மோசம், மீன்குஞ்சு வளரும் புல்வெளியும் அழிந்துபோகும்.

கிண்ணியாவுக்கு அருகே கண்டல்காடு என்றே ஊர் இருக்கிறது. எங்கே கண்டல் நிற்கும் என்பதை ஊர்ப்பெயரிலேயே எழுதி வைத்த மக்கள் நாங்கள்.

ஆகவே கேட்டு வருபவர்களிடம் நான் இப்போது சொல்வது இதுதான். யூனில் கூட்டம் வையுங்கள், ஆனால் நடுவதற்கல்ல. பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிச்சென்று நீர் எங்கே தடைபடுகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள், பொலித்தீனையும் அறுந்த வலைத்துண்டுகளையும் அகற்றுங்கள். கண்ணா, தில்லை ஆகிய கண்டல் இனங்கள் எந்த மட்டத்தில் நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். தில்லைப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து, பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். பிறகு வனத் திணைக்களத்தோடு பேசி அனுமதி பெற்று நீர்வழியைத் திறவுங்கள். தானாக முளைக்காத இடத்தில் மட்டும், மாரி தொடங்கியபின், அந்த மட்டத்துக்குரிய இனத்தை நடுங்கள். ஆடு மாடு வராமல் வேலி, வருடக்கணக்கில் கவனிக்க ஊரிலேயே ஒருவர், இவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள்.

பாலை, வீரை மரங்கள் நின்ற உள்காடுகளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். நெருப்பும் மாடும் வராமல் காத்தாலே அடிக்கட்டைகள் துளிர்த்து எழும் இடங்கள் பல.

நாங்கள் தோற்றுப்போன அந்தத் திடலுக்குச் சற்றுத் தள்ளி, அடைபட்டிருந்த மதகு ஒன்றை அனுமதியோடு தோண்டிவிட்டோம். வேறெதுவும் செய்யவில்லை. இரண்டு மாரி கழிந்தபோது அங்கே கண்ணாக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நெருக்கமாக நின்றன. ஒன்றையும் யாரும் நடவில்லை. மதகில் மட்டும் ஒவ்வொரு வருடமும் மண் சேர்கிறது, மாரிக்கு முன் அதைத் துப்புரவாக்க வேண்டும். இந்த வருட வேலை இன்னும் பாக்கி.