பலப்பா: சொல்லும் பொருளும் தமிழ் ஈடும்

தென் பிலிப்பைன்ஸின் மிண்டனாவோ தீவில், லானாவோ ஏரியைச் சுற்றி வாழும் மரனாவ் மக்களின் வீடுகளில், சோற்றோடு ஒரு சிறு கிண்ணமும் வந்து அமரும். வெண்ணிறக் குமிழ் கொண்ட ஒருவகைச் சிறு வெங்காயம், இஞ்சி, ஊசிபோன்ற காரமிளகாய் ஆகிய மூன்றையும் இடித்து, உப்பும் பெரும்பாலும் வறுத்த தேங்காய்த் துருவலும் சேர்த்த காரக்கூட்டு அதில் இருக்கும். அதன் பெயர் பலப்பா. தமிழில் இதை ஒரே வரியில் சொல்ல வேண்டுமென்றால் 'காரச் சின்ன வெங்காயச் சட்னி' என்று எழுதிவிடத்தான் முதலில் தோன்றும். ஆனால் அந்தத் தொடரில் 'கார' என்பதைத் தவிர வேறெதுவும் பொருந்தாது.

முதலில் எழுத்துமுறையைச் சொல்லிவிடுகிறேன். 'பலபா' என்று ஒற்றைப் பகரமாக எழுதினால், 'கபம்' என்ற சொல்லில் ஒலிப்பதுபோல அந்தப் பகரம் மெலிந்துவிடும். மூலச்சொல்லில் இருப்பது வல்லொலி. ஆகவே 'பலப்பா' என்று இரட்டித்து எழுதுவதே சரி. மரனாவ் என்ற இனப்பெயருக்கு அடியாக நிற்பது ஏரியைக் குறிக்கும் 'ரனாவ்' என்ற சொல். மரனாவ் என்றால் ஏரிக்கரை மக்கள். மலாய் மொழியில் ஏரியைக் குறிக்கும் 'டனாவ்' இதன் உறவுச்சொல்லே.

மரனாவ் மொழியில் பலப்பா என்பதற்கு மணப்பொருள், சுவைகூட்டும் சரக்கு என்பது பொருள். அந்தப் பெயரில் வெங்காயமும் இல்லை, மிளகாயும் இல்லை, இடித்தலும் இல்லை. அது செய்கிற வேலை மட்டுமே இருக்கிறது. சொல்லின் பொருள் இவ்வளவு அகன்றிருப்பதற்குக் காரணம் அதன் பயன்பாடுதான். சுட்ட மீனுக்கும் வெறுஞ்சோற்றுக்கும் தொட்டுக்கொள்வது ஒரு பயன் என்றால், பியாப்பரான் என்னும் தேங்காய்க் கோழிக் குழம்புக்கும் ரெண்டாங் என்னும் அவர்களுடைய இறைச்சிக் கறிக்கும் அடித்தளமாக முதலில் சட்டியில் இறங்குவது இன்னொரு பயன். நம் வீடுகளில் துவையல் ஒருபுறமும் அரைத்த மசாலா மறுபுறமும் தனித்தனியே செய்யும் வேலைகளை அங்கே ஒரே கிண்ணம் செய்துவிடுகிறது.

இதே ஒலியுடைய ஒரு சொல் சாவக (ஜாவா) வரலாற்றிலும் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டில் மயபாகித்து அரசின் தலைமை அமைச்சர் கஜா மடா, தீவுகளையெல்லாம் தம் அரசின்கீழ்க் கொண்டுவரும்வரை 'பலப்பா'வைச் சுவைப்பதில்லை என்று சூளுரைத்ததாகப் பழஞ்சாவக நூல் ஒன்று கூறுகிறது. அந்தச் சொல்லுக்கு அறிஞர்கள் பல பொருள் சொல்லியிருக்கிறார்கள். நறுமணச் சரக்கு என்பது அவற்றுள் ஒன்று. 1976இல் இந்தோனேசியா ஏவிய தன் முதல் செயற்கைக்கோளுக்கு இட்ட பெயரும் அந்தச் சூளுரையிலிருந்து எடுத்ததே. சாவகமும் மரனாவும் ஒரே ஆஸ்திரோனேசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், இரண்டு சொற்களும் ஒன்றேதான் என்று ஒலி ஒற்றுமையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடக் கூடாது.

அடுத்து, வெங்காயம். பலப்பாவின் உயிர் சக்குராப் என்று மரனாவ் மக்கள் அழைக்கும் பயிரில் இருக்கிறது. நம் சின்ன வெங்காயம் அல்லியம் சீப்பா என்னும் பெரிய வெங்காயத்தின் இனத்திலேயே ஒரு வகை. சக்குராப் அல்லியம் சைனென்ஸ் என்னும் வேறோர் இனம். ஜப்பானியர் 'ரக்கியோ' என்று ஊறுகாய் போடும் குமிழும் இதே இனம்தான். இதன் குமிழ் ஒல்லியாக, நீண்டு, தோல் உரித்ததும் பால்வெள்ளையாக இருக்கும். தாள் மெலிந்து உள்ளே பொள்ளலாக இருக்கும். காட்டம் வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் நடுவில் நிற்கும். ஆகவே 'சின்ன வெங்காயம்' என்று மொழிபெயர்ப்பது பிழை. வெறும் 'வெங்காயத்தாள்' என்றாலும் பச்சைத் தாளே நினைவுக்கு வரும். இங்கே வேண்டியதோ குமிழும் அதையொட்டிய வெண்பகுதியும். 'வெண்குமிழ் வெங்காயம்' என்று எழுதி, பக்கத்திலேயே சக்குராப் என்ற பெயரையும் தருவது நல்லது.

மிளகாய் விஷயத்தில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சிலிங் லபுயோ எனப்படும் குட்டை மிளகாய், நாஞ்சில் நாட்டார் காந்தாரி என்று சொல்லும் மிளகாயின் இனத்தைச் சேர்ந்ததே. 'சிலி' என்ற முன்பாதி, மெக்சிகோவின் நவாட்டில் மொழியிலிருந்து ஸ்பானியர் வழியே பிலிப்பைன்ஸுக்குள் நுழைந்த சொல். சொல்லைப் போலவே காயும் அமெரிக்காவிலிருந்து கடல் கடந்து வந்தது. அதற்கு முன் அந்தத் தீவுகளின் சமையலில் காரத்துக்கு இஞ்சியும் இருந்தது. பலப்பாவில் இஞ்சியின் அளவு இன்றைக்கும் நம் கைப்பழக்கத்தை மீறியே இருக்கிறது.

வீட்டில் செய்ய விரும்புவோர்க்கு: சக்குராப் கிடைக்காத இடத்தில், வெங்காயத்தாளின் வெண்பகுதி 200 கிராமும் சின்ன வெங்காயம் 50 கிராமும் சேர்த்தால் ஓரளவு நெருங்கி வரலாம். இதற்கு 50 கிராம் இஞ்சி, 10 முதல் 15 காந்தாரி மிளகாய், ஒரு தேக்கரண்டி உப்பு போதும். கழுவிய வெங்காயத்தைத் துணியில் ஒற்றி ஈரம் போக்கிவிட்டு மெல்லியதாக அரிய வேண்டும். உரலில் முதலில் இஞ்சியையும் உப்பையும் போட்டு, இஞ்சியின் நார் தனித்தனி இழையாகப் பிரியும்வரை இடித்து, பிறகு மிளகாயைச் சேர்த்து, கடைசியில்தான் வெங்காயத்தைப் போட வேண்டும். உலக்கை விழும்போது வெண்துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நசுங்கி, ஓரங்கள் கண்ணாடிபோல் ஆகும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மிக்சியில் விழுதாக அரைத்தால் வெங்காயம் நீர் விட்டுக் கசப்பேறிவிடும். நான் முதல்முறை செய்த தவறு அதுதான். கசப்பைப் போக்கச் சர்க்கரை அள்ளிப் போட்டும் அது போகவில்லை. அரைக் கோப்பைத் தேங்காய்த் துருவலை எண்ணெய் இல்லாமல் பொன்னிறமாக வறுத்து, ஆறியபின் கலக்கவும். தேங்காய் சேர்த்தது சீக்கிரம் கெடும் என்பதால், பரிமாறும் அளவுக்கு மட்டும் கலந்துகொண்டு மீதியைக் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

இன்னொரு வகை, இடித்ததை நான்கு மேசைக்கரண்டி எண்ணெயில் சிறுதீயில் வதக்கி, ஒரு தேக்கரண்டி சர்க்கரை சேர்த்துச் சுருள எடுப்பது. 2017இல் லானாவோ ஏரிக்கரையிலுள்ள மராவி நகரில் ஐந்து மாதம் நீடித்த போரில் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து வெளியேறினார்கள். அப்படிப் பெயர்ந்த பெண்கள் பலர் பலப்பாவைப் புட்டியில் அடைத்து விற்றுப் பிழைத்தார்கள். ஓர் ஏரிக்கரைச் சொல் வெளியூர்க் கடைகளின் தட்டுகளில் ஏறியதில் அவர்களுடைய உழைப்புக்குப் பங்கு உண்டு. அதனாலேயே அந்தப் பெயரை வெறும் 'சட்னி' என்று கரைத்துவிட எனக்கு மனம் வரவில்லை.

'சட்னி' இந்தியில் நக்கிச் சுவைத்தலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்த சொல். இடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. 'துவையல்' இன்னும் நெருங்கியது. துவைத்தல் என்றால் இடித்து நசுக்குதல்; புறநானூற்றின் 14ஆம் பாட்டில் கபிலர் 'ஊன்துவை கறிசோறு' என்று பாடும்போதே 'துவை' உணவுப் பெயராக வந்துவிடுகிறது. ஆனால் இன்றைய துவையல் வதக்கி அரைத்த கெட்டி விழுது. பலப்பாவின் பச்சைக் காட்டம் அதில் இல்லை. சொல்லின் பொருளுக்கு மட்டும் ஈடு வேண்டுமென்றால் 'சம்பாரம்' என்ற பழஞ்சொல் அழகாகப் பொருந்தும்; கறிக்கூட்டும் சரக்கு என்பதே அதன் பொருள். ஆனால் கேரளத்தை ஒட்டிய ஊர்களில் சம்பாரம் என்றால் இஞ்சியும் மிளகாயும் தட்டிப் போட்ட மோர் வந்துவிடும்.

உணவாகப் பார்த்தால் ஈழத்தமிழரின் அடுக்களையில்தான் இதற்கு மிக நெருங்கிய உறவு கிடைக்கிறது. மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ப்பூ, உப்பு ஆகியவற்றை உரலில் இடித்து எடுப்பதை யாழ்ப்பாணத்தில் 'இடிச்ச சம்பல்' என்பார்கள். மலாய்க்காரரும் பகிர்ந்துகொள்ளும் சொல் சம்பல். எழுத்தில் 'இடிசம்பல்' என்று சுருக்கினால் செய்முறையும் வகையும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. வெங்காயத்தைச் சர்க்கரையோடு வதக்கும் சீனிச் சம்பல், வதக்கிய பலப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எனவே முதல்முறை எழுதும் இடத்தில் 'பலப்பா என்னும் மரனாவ் இடிசம்பல்' என்றும், அடுத்தடுத்து பச்சைப் பலப்பா, வதக்கிய பலப்பா என்றும் எழுதலாம். குழம்புக்கு அடித்தளமாகச் சேர்க்கும்போது 'சம்பல்' என்பதைத் தவிர்த்துப் 'பலப்பா' என்று மட்டுமே எழுத வேண்டும், ஏனென்றால் சட்டியில் போட்டுக் கறி தாளிக்கிற பொருளை யாழ்ப்பாணத்தில் ஒருவரும் சம்பல் என்று சொல்வதில்லை.