ரயில் பாதைக்குப் பணம் வரும் வழி: கொழும்பில் இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம்

வடக்கு ரயில் பாதை "முடிந்துவிட்டது" என்ற செய்தி பத்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் பலமுறை வந்திருக்கிறது. 2014 ஒக்டோபர் 13இல் யாழ்ப்பாண நிலையத்துக்கு ரயில் திரும்பியபோது வந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறை திறக்கப்பட்டபோதும், அதே ஆண்டு மார்ச்சில் தலைமன்னார்ச் சேவை தொடங்கியபோதும் வந்தது. பிறகு 2023 ஜூலையில் அநுராதபுரம் – ஓமந்தைப் பகுதிக்காகவும், 2025 ஏப்ரல் 6இல் மஹவ – ஓமந்தை முழுவதற்குமாகவும் மறுபடி வந்தது. இவற்றில் எதுவும் பொய்யில்லை. ஒவ்வொரு தடவையும் பேசப்பட்டது பாதையின் வேறொரு துண்டு. அந்தத் துண்டுகளுக்கான பணமும் ஒரே கணக்கிலிருந்து வரவில்லை.

விடுமுறைக்கு ஊர் போக கோட்டை நிலையத்தில் டிக்கெட்டுக்கு நிற்பவர்கள், "முடிந்த பாதைக்கு ஏன் திரும்பத் திரும்பக் கடன் வாங்குகிறார்கள்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட, ஒரு ரயில் திட்டத்துக்குப் பணம் எப்படி வருகிறது, எங்கே தங்கிவிடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வடக்குப் பாதையையே எடுத்துக்கொள்வோம். 1990இல் வவுனியாவுக்கு அப்பால் சேவை நின்றது. போர் முடிந்தபோது ஓமந்தைக்கு வடக்கே தண்டவாளமும் இல்லை, சிலிப்பர் கட்டையும் இல்லை. பெரும்பாலான இடங்களில் மண்மேடு மட்டுமே மிஞ்சியிருந்தது. எனவே ஓமந்தையிலிருந்து காங்கேசன்துறை வரையும், மதவாச்சியிலிருந்து தலைமன்னார் வரையும் பாதையைப் புதிதாகவே போட வேண்டியிருந்தது. இந்தியா ஏறத்தாழ 800 மில்லியன் டொலர் கடனுதவி தந்தது. இந்திய அரசு நிறுவனமான இர்கோன் வேலையைச் செய்தது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 மார்ச்சில் பளை, அதன் பின் யாழ்ப்பாணம் என்று ரயில் படிப்படியாக வடக்கே நகர்ந்தது.

மஹவவுக்கும் ஓமந்தைக்கும் இடைப்பட்ட 128 கிலோமீற்றர் இந்தக் கணக்கில் சேரவில்லை. அங்கே பாதை இருந்தது, ரயிலும் ஓடியது. ஆனால் அது பழம்பாதை. வடக்கே புதிய தண்டவாளத்தில் வேகமாக வந்த ரயில், இந்தப் பகுதியில் தவழ்ந்தது. இதைப் புதுப்பிக்க இன்னொரு இந்தியக் கடனில் 91.27 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது. 2023 ஜனவரியிலிருந்தும் 2024 ஜனவரியிலிருந்தும் பாதையைப் பகுதி பகுதியாகச் சில மாதங்கள் மூடி வேலை செய்தார்கள். அந்த மாதங்களில் யாழ்தேவி ரயிலை நம்பியிருந்தவர்கள் இரவு பஸ்ஸில் இடம் தேடி அலைந்தார்கள்.

அதன் பிறகும் ஒரு குறை இருந்தது. அநுராதபுரத்துக்கு வடக்கே நவீன சமிக்ஞை முறை முன்பே பொருத்தப்பட்டிருந்தது. மஹவ – அநுராதபுரம் பகுதியில் அது இல்லை. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் நிலையங்களில் மட்டுமே ஒன்றையொன்று கடக்க முடியும். சமிக்ஞை பழையதாக இருந்தால், தண்டவாளம் எவ்வளவு புதிதாக இருந்தாலும், முன்னால் வழி உறுதியாகும்வரை ரயில் காத்துத்தான் நிற்கும். இந்தச் சமிக்ஞை வேலைக்கு 14.89 மில்லியன் டொலர். முதலில் இதுவும் கடனாகவே திட்டமிடப்பட்டது. 2024 டிசம்பரில் ஜனாதிபதி டெல்லி சென்றபோது நன்கொடையாக மாற்றப்பட்டது. 2025 ஏப்ரல் 6இல் அநுராதபுரத்தில் நடந்த ஒரே விழாவில் பாதை திறந்துவைக்கப்பட்டது, சமிக்ஞை வேலை தொடங்கிவைக்கப்பட்டது. செய்திகளில் இரண்டும் கலந்துபோயின. உண்மையில் அன்று முடிந்தது ஒன்று, ஆரம்பித்தது இன்னொன்று.

இனிப் பணத்துக்கு வருவோம். "இத்தனை மில்லியன் டொலர் கிடைத்தது" என்று அறிவித்த நாளில் திறைசேரிக்கு ஒரு சதமும் வந்திருக்காது. வீடு கட்ட வங்கிக் கடன் எடுத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: கடன் அனுமதியானதும் முழுத் தொகையும் கைக்கு வருவதில்லை, அத்திவாரம், சுவர், கூரை என்று வேலை ஏற ஏறத்தான் பகுதி பகுதியாக விடுவிக்கிறார்கள். ரயில் திட்டத்திலும் அமைச்சரவை அங்கீகாரம், வெளிநாட்டு வளங்கள் திணைக்களத்தின் பேச்சுவார்த்தை, கடன் ஒப்பந்தம், ஒப்பந்ததாரர் தெரிவு ஆகியவற்றைத் தாண்டி, செய்த வேலைக்கான பற்றுச்சீட்டு அங்கீகரிக்கப்பட்ட பிறகுதான் பணம் நகரும். இந்தியக் கடனில் பெரும்பாலும் அந்தப் பணம் கொழும்புக்கு வருவதே இல்லை. இந்திய ஏற்றுமதி இறக்குமதி வங்கி, இந்திய ஒப்பந்ததாரருக்கு நேரடியாகச் செலுத்துகிறது. நம் பெயரில் கடன் கூடுகிறது. பொருள்களிலும் சேவைகளிலும் பொதுவாக 75 வீதம் இந்தியாவிலிருந்தே வர வேண்டும் என்பதும் இத்தகைய கடன்களின் நிபந்தனை. சீனக் கடனில் கட்டப்படும் திட்டத்தைச் சீன நிறுவனம் கட்டுவதும் இதே போன்ற ஏற்பாட்டினால்தான்.

கடன் தருபவர் எல்லாவற்றுக்கும் தருவதில்லை. காணி எடுப்பது, நட்டஈடு கொடுப்பது, மின்கம்பத்தையும் நீர்க்குழாயையும் தள்ளி நடுவது, உள்ளூர் வரிகள் ஆகியவற்றை வழக்கமாக நமது ரூபாயில், வரவு செலவுத் திட்டத்தின் மூலம், நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். டொலர்த் தொகை பெரிதாக இருப்பதால் செய்தியில் அதுதான் வருகிறது. ரூபாய்த் தொகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஆனால் காணிக்கான ரூபாய் கிடைக்காவிட்டால் டொலர் வங்கியிலேயே கிடக்கும். எடுக்காமல் வைத்திருக்கும் கடனுக்கும் சில ஒப்பந்தங்களில் கட்டணம் கட்ட வேண்டும். என் கோபமெல்லாம் இந்த இடத்தில்தான். கடன் வாங்கியதைவிட, வாங்கிய கடனைப் பயன்படுத்த முடியாமல் வைத்திருப்பதுதான் நமக்கு அதிக நட்டம்.

டொலர், ரூபாய் என்ற இந்த இரண்டு கணக்குகளையும் எவரும் பார்க்கலாம். பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படும் வரவு செலவு மதிப்பீடுகளில் ரயில்வே திணைக்களத்தின் செலவினத் தலைப்பு 306. அதில் மீண்டெழும் செலவும் மூலதனச் செலவும் தனித்தனியே இருக்கும். சம்பளமும் எரிபொருளும் முதலாவதில். பாதை, பாலம், எஞ்சின் இரண்டாவதில். மூலதனப் பகுதியில் ஒவ்வொரு திட்டத்துக்கும் எதிரே ஓர் இரண்டிலக்கக் குறியீடு காணப்படும். 11 என்றால் உள்நாட்டுப் பணம், 12 என்றால் வெளிநாட்டுக் கடன், 13 என்றால் வெளிநாட்டு நன்கொடை. நான் முதலில் தேடச் சொல்வது 17ஐத்தான்: வெளிநாட்டு நிதியோடு இணைந்த உள்நாட்டுச் செலவு என்பது அதன் பொருள். ஒரு திட்டத்துக்கு 12இல் பெரிய தொகை இருந்து, 17இல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லாவிட்டால், அந்த ஆண்டு அங்கே பெரிதாக எதுவும் நகராது என்று எண்ண இடமுண்டு. இரண்டு ஆண்டுகள் கழித்து வரும் மதிப்பீட்டுப் புத்தகத்தில் அந்த ஆண்டு உண்மையில் செலவான தொகையும் அச்சாகும். ஒதுக்கியதையும் செலவானதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மேடைப் பேச்சு தேவையில்லை.

முன்னேற்ற வீதத்திலும் இதே கவனம் வேண்டும். "60 வீதம் முடிந்தது" என்றால் எது 60 என்று கேளுங்கள். பௌதீக முன்னேற்றம் என்பது தரையில் செய்து முடித்த வேலை. நிதி முன்னேற்றம் என்பது செலுத்திய பணம். ஒப்பந்ததாரருக்கு முற்பணம் கொடுத்த மறுநாளே நிதி முன்னேற்றம் ஏறிவிடும். தரையில் ஒரு கல்லும் புரண்டிருக்காது. மாறாக, வேலை நடந்தும் பற்றுச்சீட்டுகள் தேங்கியிருந்தால் பௌதீக முன்னேற்றம் மேலேயும் நிதி முன்னேற்றம் கீழேயும் நிற்கும். அது அரசு பாக்கி வைத்திருப்பதன் அடையாளம்.

ஒரு கிலோமீற்றருக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்து ஊழல் என்று தீர்ப்பு எழுதுவதிலும் அவசரம் கூடாது. 2019 ஏப்ரல் 8இல் திறந்த மாத்தறை – பெலியத்தப் பாதை 26.75 கிலோமீற்றர்; சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கியின் கடன் 278.2 மில்லியன் டொலர். கிலோமீற்றருக்குப் பத்து மில்லியனுக்கு மேல். மஹவ – ஓமந்தையில் அது ஒரு மில்லியனைக்கூடத் தொடவில்லை. ஆனால் முன்னது சுதந்திரத்துக்குப் பின் போடப்பட்ட முதல் புதிய பாதை. சுரங்கங்களும் நீண்ட பாலங்களும் புதிதாக எடுத்த காணிகளும் அதில் உண்டு. பின்னது இருந்த தடத்திலேயே செய்த புதுப்பிப்பு. கேட்க வேண்டிய கேள்வி வேறு: கதிர்காமம் வரை போக வேண்டிய அந்தப் பாதை பெலியத்தவில் நின்றுவிட்ட நிலையில், கடனைத் திருப்பிக் கட்டப் போதுமான பயணிகள் எங்கிருந்து வருவார்கள்? ஆடித் திருவிழாவுக்குக் கொழும்பிலிருந்து கதிர்காமம் போகும் பக்தர்கள் இன்றும் கடைசித் தூரத்தை பஸ்ஸிலேயே கடக்கிறார்கள். பாதிப் பாதைக்கு முழு வட்டி ஏறுகிறது.

கொழும்புக்குள்ளேயே இதைவிட வேதனையான உதாரணம் இருக்கிறது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு இலகு ரயில் ஓட்ட ஜப்பானின் ஜைக்கா நிறுவனத்தோடு 2019 மார்ச்சில் கடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. வட்டி 0.1 வீதம், திருப்பிச் செலுத்த 40 ஆண்டுகள், அதில் முதல் 12 ஆண்டுகள் சலுகைக் காலம். 2020 செப்டெம்பரில் அரசு அதைத் தன்னிச்சையாக நிறுத்தியது. ரயில் வரவில்லை, ஆனால் அதுவரை நடந்த வடிவமைப்பு, ஆலோசனை வேலைகளுக்குப் பணம் கொடுக்க வேண்டியதாயிற்று. ராஜகிரிய நெரிசலில் தினமும் காலையில் சிக்கிக்கொள்பவர்கள் அதன் விலையை இன்னமும் நேரமாகக் கட்டுகிறார்கள். பிறகு 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் செலுத்துவதை நாடு நிறுத்தியபோது, ஜப்பானும் சீனாவும் நிதி தந்த பல கட்டுமானங்கள் அப்படியே உறைந்தன. கடன் மறுசீரமைப்புக்கு உடன்பாடு ஏற்பட்ட பின்னரே, 2024 ஜூலையில், ஜைக்கா தன் பழைய திட்டங்களுக்கு மீண்டும் பணம் விடுவிக்கத் தொடங்கியது.

களனிவெளிப் பாதையில் சிக்கல் வேறு வகையானது. மருதானையிலிருந்து நாரஹேன்பிட்ட, நுகேகொட, ஹோமாகம வழியாக அவிசாவளைக்குப் போகும் அந்த ஒற்றைப் பாதை, குறுகிய தடமாகப் பிறந்து 1990களில் அகலப் பாதையானது. வளைவுகள் அதிகம். அதை இரட்டைப் பாதையாக்க ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு ஆய்வுகள் நடந்தன. 2019இல் அந்த வங்கி ரயில்வேக்கு அனுமதித்த 160 மில்லியன் டொலர் கடனை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது தொலைத்தொடர்பு, பராமரிப்பு, பயிற்சி போன்ற திறன் மேம்பாட்டு வேலைகளுக்கு உரியது. பாதையை இரட்டையாக்குவதற்குத் தடையாக நிற்பது தண்டவாள ஓரம். தலைமுறைகளாக அங்கே வீடு கட்டி வாழும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. பலரிடம் உறுதிப் பத்திரம் கிடையாது.

அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. உறுதி உள்ளவர்களுக்கு 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் பொருந்தும்: 2ஆம் பிரிவு அறிவித்தலில் தொடங்கி, 7ஆம் பிரிவின் கீழ் உரிமை கோரல், 9ஆம் பிரிவு விசாரணை, 17ஆம் பிரிவுத் தீர்மானம் என்று அது போகும். தொகை போதாது என்றால் மீளாய்வுச் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குத் தரப்படும் காலம் மிகக் குறுகியது என்பதால் கடிதத்தை மேசையில் வைத்துவிடக் கூடாது. உறுதி இல்லாதவர்களை "அத்துமீறிக் குடியேறியவர்கள்" என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பிவிட முடியாது. 2001ஆம் ஆண்டின் தேசிய மீள்குடியேற்றக் கொள்கை, உரிமைப் பத்திரம் இல்லாதவர்களும் நியாயமாக நடத்தப்பட வேண்டும் என்கிறது. வெளிநாட்டு வங்கிகளும் இதை நிபந்தனையாக வைக்கின்றன. கணக்கெடுப்புக்கு அதிகாரிகள் வரும் நாளில் வீட்டில் யாராவது இருந்து, பெயரையும் ஆள்தொகையையும் சரியாகப் பதியவைப்பது மிக முக்கியம். பட்டியலில் இல்லாத குடும்பத்துக்குப் பின்னர் எதையும் நிரூபிப்பது கடினம்.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் எல்லாக் கணக்கையும் குலைத்தது. மலைநாட்டுப் பாதை பல இடங்களில் அடித்துச் செல்லப்பட்டது. புதுப்பித்த வடக்குப் பாதையும் தப்பவில்லை. டிசம்பரில் இந்தியா அறிவித்த 450 மில்லியன் டொலர் உதவியில் 350 மில்லியன் சலுகைக் கடன், 100 மில்லியன் நன்கொடை. வீதி, ரயில், பாலம் ஆகியவற்றைச் சீரமைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. மேலே சொன்ன அதே கேள்விகளை இதற்கும் கேட்க வேண்டும்: இதில் ரயில்வேக்கு எவ்வளவு, அதில் கடன் எவ்வளவு, அதற்கு ஈடாக வேண்டிய ரூபாய் எங்கே?

கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஒரு லட்சம் டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டமானாலும், ஐந்து லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டுத் திட்டமானாலும், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக் கூடியவர்களுக்கும் தகவல் தருவது பொறுப்பான அமைச்சரின் கடமை. எந்த ரயில் பாதையும் இந்த எல்லைக்குள் வரும்.

விண்ணப்பத்தை ரயில்வே திணைக்களத்தின் அல்லது போக்குவரத்து அமைச்சின் தகவல் அலுவலருக்குத் தமிழிலேயே எழுதலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. கேள்வி குறிப்பாக இருக்கட்டும். "களனிவெளித் திட்டம் என்ன ஆயிற்று?" என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். கடன் ஒப்பந்தத்தின் பிரதி, இன்றுவரை விடுவிக்கப்பட்ட தொகை, 17ஆம் குறியீட்டில் இவ்வாண்டு ஒதுக்கியதும் செலவானதும், காணி நட்டஈட்டில் செலுத்தாமல் மீதமுள்ள தொகை, கடைசிப் பௌதீக முன்னேற்ற அறிக்கை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். மறுத்தாலோ மௌனமாக இருந்தாலோ அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் 14 நாட்களுக்குள் முறையிடலாம். அங்கும் பதில் திருப்தியாக இல்லையென்றால் இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம்.